போட்டது ஒரு பிடி

நம்ம காஞ்சிபுரம் கோயில் இட்லிக்கு மிளகு, சீரகம், சுக்கு போதும், கொத்தமல்லியைக் கேட்காது. அந்தப் பெருந்தன்மை எங்கள் வீட்டு ரசத்துக்கு இல்லை. அதனால் ராஜாஜி மார்க்கெட்டில் காய் வாங்கும்போதெல்லாம் ஒரு கொத்து மல்லியைக் கொசுறாகக் கேட்டு வாங்குவது என் குலத்தொழில். பங்குனி பிறந்ததும் கடைக்கார அம்மா, "மல்லி விக்கிற விலையில கொசுறா? கத்திரிக்காயை வேணா சும்மா எடுத்துக்கோ சாமி" என்றார், நாலு பேர் எதிரில். ரோஷம் வந்துவிட்டது. பெரிய காஞ்சிபுரத்தில் சொந்தமாக மொட்டை மாடி வைத்திருப்பவன் தழைக்குக் கையேந்துவதா?

கொத்தமல்லிக்குக் கடும் வெயில் ஆகாது. கோடையில் விலை ஏறுவதே அதனால்தான். அந்த வெயிலில்தான் நான் விதைத்தேன் என்றால் என் விவசாய ஞானம் உங்களுக்குப் புரியும்.

ஒரு தனியாவுக்குள் இரண்டு விதை. முழுசாகப் போடாமல் லேசாக உடைத்து, ராத்திரி ஊறவைத்துப் போட்டால் நன்றாக முளைக்கும். உடைக்கச் சுலபமான வழி, தரையில் கொட்டிச் செருப்பால் தேய்ப்பது. சாம்பார்ப் பொடிக்கு வைத்திருந்த தனியாவை நான் செருப்பால் தேய்க்கிற நேரம் பார்த்து என் மனைவி மாடிக்கு வந்தாள். அன்றைய உரையாடலை விட்டுவிடுவோம்.

முளைக்க எட்டு, பத்து நாள் ஆகும். அதுவரை ரசம் காத்திருக்குமா? வேறு கடையில் காசு கொடுத்தே ஒரு கட்டு வாங்கி, வேரோடு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி ஃபிரிட்ஜில் வைத்தேன். கழுவாமல், இலையில் ஈரம் படாமல் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வந்த மாமனாருக்குத் தாகம். கட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு டம்ளரைக் காலி செய்தவர், "எந்தக் கோயில் தீர்த்தம் மாப்பிள்ளை? எங்க வரதர் கோயில்லகூட இவ்வளவு மணக்காதே" என்றார். வேரில் இருந்த மண்ணைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

மாடியில் முளைத்ததற்கு நிழல் வேண்டுமே என்று பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டினேன். தறிக்காரர்கள் நிறைந்த தெரு. துணி வெயிலில் வெளுப்பது யாருக்கும் பொறுக்காது. அடுத்த வீட்டு அக்கா அக்கறையாக அவிழ்த்து, மடித்துக் கொடுத்தனுப்பிவிடுவார்.

கத்திரி வெயில் நேரே இறங்கியதில் செடி தழைக்கவே இல்லை. இலை நூலாய் மெலிந்து, அவசர அவசரமாகப் பூத்து, காய்த்தும்விட்டது. காய்ந்ததை உதிர்த்து, பெருமையாக மனைவியிடம் நீட்டினேன். உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள்.

"எடுத்துட்டுப் போனது ஒரு பிடி. மீதி எங்க?"