பெயர் சொல்வது ஜோசியம், வாய்ப்பு சொல்வது கணிப்பு

கே: டென்னிஸ் தொடர் தொடங்கும் முன்பே "கோப்பை இன்னாருக்குத்தான்" என்று அடித்துச் சொல்கிறார்கள். கடைசியில் வேறு யாரோ தூக்கிக்கொண்டு போகிறார். கணிப்பதே வீண் வேலையா? (ராஸ்தா பேட் வாசகர், புனே)

ப: வேலை வீண் இல்லை, கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். "யார் ஜெயிப்பார்?" என்று கேட்டால் ஒரு பெயர் வரும். "யாருக்கு எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்டால்தான் விவரம் வரும். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை நடந்த ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ்) போட்டி, 2018இல் புனே பாலேவாடிக்குக் குடிபெயர்ந்தது. கொரோனாவால் நின்றுபோன 2021ஐ விட்டால், 2023 வரை ஐந்து முறை நடந்தது. அந்த ஐந்தில் முதல் தரநிலை (சீடிங்) வீரர் கோப்பை வென்றது 2019இல் கெவின் ஆண்டர்சன் மட்டுமே. 2018இல் முன்னணி வீரர் சிலிச்சை அரையிறுதியிலும் ஆண்டர்சனை இறுதியிலும் சாய்த்த ஜில் சிமோன், தரநிலைப் பட்டியலிலேயே இல்லாதவர். 2020இல் வென்ற யிரி வெசெலியும் 2022இல் வென்ற ஜோவாவ் சோசாவும் உலகத் தரவரிசையில் முதல் நூறு பேருக்கு வெளியே இருந்து வந்தவர்கள். 2023இல் வென்ற டாலன் கிரீக்ஸ்பூருக்கு அதுவே முதல் ஏடிபி பட்டம்.

இதைப் பார்த்துக் கணிப்பே பொய் என்று சொல்லிவிடலாமா? கொஞ்சம் பெருக்கிப் பாருங்கள். அது 28 பேர் ஆடும் போட்டி. முதல் நான்கு தரநிலை வீரர்களுக்கு முதல் சுற்று கிடையாது, நான்கு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. முதல் தரநிலை வீரருக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் 70 விழுக்காடு வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நான்கையும் ஜெயிக்கும் வாய்ப்பு 24 விழுக்காடுதான். பாலேவாடியில் நடந்ததோ ஐந்துக்கு ஒன்று. ஐந்து ஆண்டு என்பது சின்னக் கையளவு, அதை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் கணக்கும் களமும் முட்டிக்கொள்ளவில்லை என்பதை மட்டும் தயங்காமல் சொல்லலாம். எல்லாரையும்விட அதிக வாய்ப்புள்ளவர்கூட நாலில் மூன்று முறை வெறுங்கையோடுதான் ஊர் திரும்புவார்.

கே: சிறந்த ஆட்டக்காரர் என்றால் ஜெயித்தே ஆக வேண்டாமா? திறமைக்கு என்ன மதிப்பு? (கோவை வாசகி)

ப: திறமைக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு நாம் நினைப்பதைவிட மெல்லிய இழையில் தொங்குகிறது, அவ்வளவுதான். ரோஜர் ஃபெடரர் 2024இல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் தன் கணக்கைத் தானே சொன்னார்: ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு வெற்றி, ஆனால் வென்ற பாயிண்ட்கள் 54 விழுக்காடு மட்டுமே. அவரே நூற்றுக்கு 46 பாயிண்ட்களை எதிராளியிடம் விட்டிருக்கிறார். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இந்த இடைவெளி இன்னும் குறுகல்.

பாலேவாடியில் அது கண்ணெதிரே தெரிந்தது. அங்கே நடந்த ஐந்து இறுதி ஆட்டங்களில் நான்கில் முதல் செட் டைபிரேக் வரை போனது. நான்கிலும் அந்த டைபிரேக்கை வென்றவரே கோப்பையையும் வென்றார். கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் புனே. அங்கே காற்றின் தடை சற்றுக் குறைவு, பந்து கொஞ்சம் விரைவாகவே பாயும், நல்ல சர்வ் போடுகிறவருக்கு அது துணை. 2019 இறுதியை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 2.03 மீட்டர் உயர ஆண்டர்சன், மறுபக்கம் 2.11 மீட்டர் உயரமும் 39 வயதுமான ஈவோ கார்லோவிச். மூன்று செட்டும் டைபிரேக். கடைசி டைபிரேக் 7-5. இரண்டே இரண்டு பந்துகள் வேறு மாதிரி விழுந்திருந்தால், முதல் தரநிலை வீரர் வென்ற அந்த ஒரே ஆண்டும் பட்டியலிலிருந்து போயிருக்கும்.

கே: 2024, 2025இல் எட்டு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களையும் சின்னரும் அல்கராசும்தானே பங்கிட்டுக்கொண்டார்கள்? அப்புறம் என்ன நிச்சயமின்மை? (சிங்கப்பூர் வாசகர்)

ப: இந்த மறுப்பை லேசாக ஒதுக்க முடியாது. கிராண்ட்ஸ்லாமில் ஆண்களுக்கு ஐந்து செட் ஆட்டம். ஆட்டம் நீள நீள, ஒன்றிரண்டு பந்துகளின் அதிர்ஷ்டம் கரைந்து திறமை மேலே வரும். மூன்று செட் ஆட்டத்தில் 70 விழுக்காடு வாய்ப்புள்ளவருக்கு ஐந்து செட்டில் அது 74 ஆகும். ஆனால் அங்கே ஏழு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். கோப்பைக்குச் சரிபாதி வாய்ப்பு வேண்டுமென்றால் ஒவ்வொரு ஆட்டத்திலும் 90 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாக வேண்டும். அந்த உயரத்தை எட்டியவர்கள் எந்தக் காலத்திலும் மிகச் சிலர். அந்த ஈராண்டில் ஒரே நேரத்தில் இருவர் அதற்குப் பக்கத்தில் நின்றார்கள். அதனால் "இருவரில் ஒருவர்" என்பது நல்ல கணிப்பு. அந்த ஒருவர் யார் என்று கேட்டால் பழைய நிலைதான். 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியில் சின்னர் கையில் மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட்கள் இருந்தன. 5 மணி 29 நிமிடம் கழித்துக் கோப்பையை வாங்கியவர் அல்கராஸ்.

கே: சரி, கணிக்க உட்காருகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? (மதுரை வாசகர்)

ப: தரவரிசையிலிருந்து தொடங்குங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். அந்த எண் ஓராண்டு உழைப்பின் தொகை, இந்த வாரத்து உடம்பின் நிலை அதில் தெரியாது. நுங்கம்பாக்கத்தில் நடந்த 2008 சென்னை ஓபனைப் பாருங்கள். அரையிறுதியில் நடால், மோயாவோடு ஏறத்தாழ நான்கு மணி நேரம் மல்லுக்கட்டி ஜெயித்தார். மறுநாள் இறுதியில் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று சுருண்டார். தரவரிசையை மட்டும் பார்த்தவர் நடால் என்றிருப்பார். முந்தின நாள் கடிகாரத்தைப் பார்த்தவர் யோசித்திருப்பார். களத்துக்கும் வீரருக்கும் உள்ள பொருத்தமும் முக்கியம். அதே நுங்கம்பாக்கத்தில் வாவ்ரிங்கா 2011, 2014, 2015, 2016 என நான்கு முறை வென்றார். திறமையும் களமும் கூடி வந்தால் வாய்ப்பு ஏறும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

கே: நம்மவர்கள் மேல் நம்பிக்கை வைக்கலாமா, ஐயா? (பிம்ப்ரி வாசகி)

ப: வைக்கலாம், காரணத்தோடு வைக்கலாம். ஏடிபி இரட்டையரில் டியூஸ் வந்தால் ஒரே பாயிண்டில் கேம் முடியும். செட் சமமானால் மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்து பாயிண்ட் டைபிரேக். ஆட்டம் சுருங்கச் சுருங்க, சிறியவருக்குக் கதவு திறக்கும். 2022இல் பாலேவாடியில் ரோகன் போபண்ணாவும் நம் ராம்குமார் ராமநாதனும் அப்படியொரு டைபிரேக்கை 10-6 என்று எடுத்துத்தான் பட்டம் வென்றார்கள். மறு ஆண்டு ஸ்ரீராம் பாலாஜியும் ஜீவன் நெடுஞ்செழியனும், யுஎஸ் ஓபனை அடுத்தடுத்து இருமுறை வென்றிருந்த ராஜீவ் ராம் – சாலிஸ்பரி இணையை வீழ்த்தி இறுதி வரை வந்தார்கள். ஊர்ப்பாசத்தால் சொன்ன கணிப்பும் ஆட்ட விதியைப் படித்துச் சொன்ன கணிப்பும் அன்று ஒரே பக்கம் நின்றன.

கே: எல்லாமே விழுக்காடு என்றால், எந்தக் கணிப்பையும் தப்பென்றே சொல்ல முடியாதே? (யாழ்ப்பாண வாசகர்)

ப: சொல்லலாம். 70 விழுக்காடு என்று நீங்கள் குறித்த நூறு ஆட்டங்களை எழுதி வையுங்கள். அவற்றில் எழுபதுக்குப் பக்கத்தில் பலித்தால் கணிப்பு சரி. தொண்ணூறு பலித்தாலும் ஐம்பது பலித்தாலும் தப்பு. ஒரே ஆட்டத்தால் பொய்த்துப்போகும் கணிப்பு ஒன்றுதான்: பூஜ்யம். ஏடிபி போட்டி புனேயை விட்டுப் போனபின், 2024 பிப்ரவரியில் அதே பாலேவாடியில் அதைவிட ஒரு படி கீழான சேலஞ்சர் போட்டி நடந்தது. வென்றவர் மொனாக்கோவின் வாலன்டான் வாஷ்ரோ. 2025 அக்டோபரில் அவர் உலகத் தரவரிசை 204ஆம் இடத்திலிருந்து, தகுதிச் சுற்று ஆடி, ஷாங்காய் மாஸ்டர்ஸுக்குள் நுழைந்தார். அரையிறுதியில் ஜோகோவிச்சை வென்றார், இறுதியில் ஒன்றுவிட்ட சகோதரர் ரின்டர்னெக்கை வென்றார். மாஸ்டர்ஸ் 1000 பட்டம் வென்றவர்களில் இவ்வளவு கீழிருந்து வந்தவர் எவருமில்லை. அவர் பெயருக்கு நேரே ஆயிரத்தில் ஒன்று என்று எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். பூஜ்யம் போட்டவர் மட்டும் தன் நோட்டைத் திருத்திக்கொள்ள வேண்டும்.