அச்சு வரிசையில் நிற்போர் சார்பில் ஒரு விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ அச்சுப் பிரிவு மேலதிகாரி அவர்கள் சமூகத்திற்கு, உத்தரகோசமங்கை மிளகாய்ச் சாகுபடிக்காரன் ஒருவன் எழுதிக்கொண்டது.

ஐயா,

பயிர்க்கடன் கணக்கின் நகல் வேண்டி நான் மனுச் செய்ததும், தை போய் மாசி வந்தும் அது வாராததும், 'கம்ப்யூட்டர் தரவில்லை' என்பதையே தங்கள் சிப்பந்திகள் மந்திரமாக ஜபித்து வருவதும் தாங்கள் அறியாததல்ல. ஆயினும், அப்பழியைச் சுமக்கும் வாயில்லா ஜீவனின் பக்ஷத்தில் இரண்டு வார்த்தை பேசவே இக்கடிதம்.

தங்களிடம் இருப்பது ஐ.பி.எம். நிறுவனத்தார் 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏஎஸ்/400 வம்சத்து இயந்திரம் என்றும், அது எதையும் நேரே காகிதத்தில் கொட்டிவிடாமல், 'ஸ்பூல்' கோப்பாக எழுதி வரிசையில் நிறுத்தி, வேறுவகைப் படிவம் தேவையானால் 'இன்ன படிவத்தை ஏற்றுக' என்று இயக்குபவரிடம் விண்ணப்பித்து, 'ஜி' என்ற ஓரெழுத்து மறுமொழி கிடைக்கும்வரை அசையாது காத்திருக்கும் என்றும், அத்தொழில் பழகிய என் தமையன் மகன் விளக்கினான். பணிந்து கேட்கும் குணமும் பதில் பெறாத தலைவிதியும் எங்கள் இருவருக்கும் பொதுவென்று அறிந்ததுமுதல் அதன்மேல் எனக்குச் சகோதர வாஞ்சையே பிறந்துவிட்டது.

முன்பொருமுறை பட்டியல் வந்ததுண்டு. இயந்திரம் தன் வழக்கப்படி வரிக்கு 132 எழுத்தும் பக்கத்திற்கு 66 வரியுமாக அனுப்ப, தாங்கள் சிக்கனங் கருதி வாங்கிய அச்சுப்பொறி 80 எழுத்தோடு நின்றுகொள்ள, நான் பட்ட கடன் இடப்புறத்தில் சாங்கோபாங்கமாய் விளங்க, கட்டிய தொகைகளோ எஞ்சிய 52 எழுத்துக்களோடு அந்தர்த்தானமாயின. அங்குலத்திற்கு 10 எழுத்தென்பதை 17 ஆக நெருக்கினால் அதே காகிதத்தில் அனைத்தும் அடங்கும் என்கிறான் பையன். எனினும், கடன் தெரிந்து வரவு மறைவதில் ஓர் ஆட்சி நயம் இருப்பதை அவன் இளமை உணரவில்லை. ஊர்ப்பெயருக்குப் படிவத்தில் 10 எழுத்தே ஒதுக்கியிருந்தமையால், ஆங்கிலத்தில் 16 எழுத்துள்ள எங்கள் ஊர் 'உத்தரகோச' என்று முடிந்திருந்தது. 'மண் முந்தியோ, மங்கை முந்தியோ' என்று வழக்குச் சொல்லும் இத்தலத்திலிருந்து மங்கையை வெளியேற்றிய கீர்த்தி தங்களுக்கே உரியது. சந்தனக் காப்புக் களைந்த மரகத நடராஜரையே ஆருத்திரா காலத்தில் ஆண்டுக்கொருமுறை கண்டு தொழும் எங்களுக்கு, என் வரவுப் பத்தியின் தரிசனம் மட்டும் இன்னும் சித்திக்கவில்லை.

ஆகவே, உரிய படிவத்தை ஏற்றி, அந்த 'ஜி' எழுத்தைத் தட்டும்படி யாரேனும் ஒருவருக்கு எழுத்து மூலமாக உத்தரவிட வேண்டுகிறேன். அதற்கும் கோப்புச் சுற்றுக்கு விடவேண்டுமென்பது விதியானால், மறுமொழி வரும்வரை என் கடனுக்குரிய வட்டியையும் அதே வரிசையில், எனக்கும் இயந்திரத்திற்கும் பின்னால், பொறுமையுடன் நிற்கச் செய்வதே நியாயமாகும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள கடனாளி,
உத்தரகோச.