எண்ணூரில் ஆமை தேடுவது எப்படி?

அருகிவரும் உயிரினத்தை ஆராயும் ஆசை வந்துவிட்டதா? போர்னியோ காட்டுக்கு விமானம் ஏறாதீர்கள். அங்கே கிப்பன் குரங்குகள் விடியற்காலையில் மர உச்சியில் உட்கார்ந்து பாடும். கீழே நின்று காதால் கேட்டே கணக்கெடுத்துவிடலாம். அதெல்லாம் ஒரு வேலையா? ராயபுரத்திலிருந்து வடக்கே பஸ் ஏறுங்கள். நம்ம பங்குனி ஆமை பாடாது. இங்கே காதுக்கு வேலையில்லை, மூக்கு போதும். ஏன் என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

1. காலம்: தை முதல் பங்குனி வரை. நள்ளிரவுக்கு மேல் கிளம்புங்கள். வீட்டில் காரணம் சொல்லவேண்டாம். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆமை வீட்டுக்குள் யார் யார் புகுந்தார்கள் என்பது தனிக்கதை.

2. மணலைத் தேடுங்கள்: ஆராய்ச்சியிலேயே கஷ்டமான கட்டம் இது. ஆமை குழி பறித்து நூறு முட்டைக்கு மேல் இடும். அதற்கு மணல் வேண்டும். கரையோரமாக வடக்கே நகர்ந்துவந்த மணலை 1870-களில் கட்டத் தொடங்கிய துறைமுகம் மறித்துக்கொண்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே கரை அரித்துப்போனது. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கருங்கல்லில் ஏறிக் குழி பறிக்கும் ஆமையைக் கண்டால் விடாதீர்கள், உலகப் புகழ் நிச்சயம்.

3. டார்ச் அடிக்காதீர்கள்: பொரிந்த குஞ்சு வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் ஓடும், இருட்டில் அது கடலின் பக்கம். எனவே செல்போனையும் அணையுங்கள். அப்படியே துறைமுகம், அனல்மின் நிலையம், வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள் எல்லோரிடமும் கொஞ்சம் அணைக்கச் சொல்லிப் பாருங்கள்.

4. நிபுணரிடம் கேளுங்கள்: காசிமேட்டில் வலை பொத்துக்கொண்டிருப்பார். "இன்னா சார், ஆமைய தேடுறியா? அதுவும் நம்மள மாரி மூச்சு வுட மேல வரணும். இழுவலைல மாட்டிக்கினா எங்கருந்து வர்றது? பெரிய போட்டு கரையண்ட வந்து இழுக்குதே, அத போய் கேளு." இதையே நீங்கள் அட்டவணை போட்டு ஆங்கிலத்தில் எழுதினால் முனைவர் பட்டம்.

5. மூக்கு போகும் வழியில் போங்கள்: கிடைத்துவிட்டது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது, செத்தாலும் சும்மா தொடக்கூடாது. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு டேப்பை எடுங்கள். ஓடு இரண்டு அடிக்குச் சற்று மேல் இருக்கும். வால் நீண்டிருந்தால் ஆண். கழுத்து வீங்கிக் கண் பிதுங்கியிருந்தால், வலைக்குள் மூச்சு முட்டியதாக எழுதுங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் இப்படி நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. உடம்பெல்லாம் எண்ணெய் என்றால் அதற்குத் தனிக் கட்டம் போடுங்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதியபிறகு அந்தக் கட்டமும் தேவைப்பட்டது.

6. பெயின்ட்: அளந்து முடித்ததும் ஓட்டின்மேல் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நாளைக்கு வருகிறவர் அதையே மறுபடி எண்ணிவிடக் கூடாது. சின்ன டப்பா போதுமே என்பார் கடைக்காரர். பெரிதாகவே வாங்குங்கள்.