பலாமரப் பொந்தில் ஓராண்டு

கேரளத்துப் பாறசாலையில் தேர்வில் தோற்றால் 'சப்ளி'. எல்லையில் களியக்காவிளையைத் தாண்டித் தமிழகத்துக்குள் வந்தால் அதற்கே 'அரியர்' என்று பெயர். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகாவைத் தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரையைக் கேரளத்துக்கும் பிரித்தவர்கள், தோல்வியை மட்டும் இருபுறமும் சமமாக வைத்துவிட்டுப் போனார்கள். என் பங்குக்கு இந்த ஆண்டு மூன்று பாடங்கள். வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம், விடைத்தாளில் ஆங்கிலம். மூன்றிலும் மௌனம் சாதித்தேன்.

"மார்த்தாண்ட வர்மாவே நெய்யாற்றின்கரை கோயில் பலாமரப் பொந்துக்குள்ள ஒளிஞ்சு கெடந்தாரு மக்கா. பொறவுதான் ராசாவானாரு" என்றாள் பாட்டி. நானும் அறைக்குள் ஒளிந்தேன். அவரைத் தேடியது எதிரிகளான எட்டுவீட்டுப் பிள்ளைமார், என்னைத் தேடியது "ரிசல்ட் என்னாச்சு?" என்று கேட்கும் எதிர்வீட்டு மாமாமார். அவர் 1729-ல் திருவிதாங்கூர் அரியணை ஏறினார். நான் வெளியே வந்து மறுதேர்வுக்குப் பணம் கட்டினேன்.

மனம் பக்குவப்படவில்லையா? பட்டது. முன்பு கேட்பவரிடம் பொய் சொல்வேன். இப்போது உண்மையே பேசுகிறேன்: தமிழில் கேட்பவரிடம் 'சப்ளி', மலையாளத்தில் கேட்பவரிடம் 'அரியர்'. ஏதோ மேற்படிப்பு என்று நினைத்து, பாதிப் பேர் வாழ்த்திவிட்டுப் போகிறார்கள்.