புன்னகையில் பல்லின் பங்கு: ஓர் அளவுகோல் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மனிதனுக்குப் பல் 32. சிரிக்கும்போது அரங்கேறுவது மேல்வரிசையில் ஆறிலிருந்து பத்து. கடைவாய்ப் பற்கள் ஆயுள் முழுக்க முறுக்கு கடித்து உழைக்க, பெயர் வாங்குவது முன்பற்கள். இந்தச் சிறுபான்மையில் எது நேராக, எது வெளுப்பாக, எது நெருக்கமாக இருந்தால் பார்ப்பவர் மயங்குவார் என்பதே இவ்வாய்வின் கேள்வி. பொய்ப்பல் செட்டும் அரசியல்வாதிகளின் தேர்தல் காலச் சிரிப்பும் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவை.

2. முன்னோர் கருத்து

அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. சங்கப் புலவர்கள் தலைவியின் பல்லை முல்லை அரும்போடு ஒப்பிட்டு, கூர்மையைப் புகழ்ந்தார்கள். அதே பல்லை இன்று கிளினிக்கில் காட்டினால் டாக்டர் முனையை ராவிவிடுவார். 1787இல் பாரிஸ் ஓவியக் கண்காட்சியில், விஜே லெ பிரன் என்ற ஓவியர் மகளை அணைத்தபடி இருக்கும் தம் படத்தை வைத்தார். அதில் உதடு லேசாகப் பிரிந்து பல் தெரிந்தது. நல்ல குடும்பத்துப் பெண் படத்தில் பல்லைக் காட்டலாமா என்று விமர்சகர்கள் கொதித்தார்கள். பழைய ஜப்பானிலோ மணமான பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள்; அதுவே அழகு. அதே ஜப்பானில் அண்மைக் காலத்தில் இளம்பெண்கள் காசு கொடுத்துத் தெத்துப்பல் ஒட்டிக்கொண்டார்கள். இங்கே அதை உள்ளே தள்ள இரண்டு வருடம் கிளிப் போடுகிறோம்.

3. அளவுகோல் பிரிவினர்

தங்க விகிதம் என்று ஒன்று உண்டு: 1.618. நேரே நின்று பார்க்கையில் நடுப்பல்லின் அகலத்துக்கும் பக்கத்துப் பல்லின் அகலத்துக்கும் இந்தப் பொருத்தம் வேண்டும் என்று 1970களில் பல் மருத்துவ ஏடுகள் எழுதின. 1993இல் பிரெஸ்டன் என்பவர் பல் அச்சுகளை எடுத்து அளந்து பார்த்தார். நூற்றுக்குப் 17 பேரிடம்தான் அந்த விகிதம் இருந்தது. மிச்சம் 83 பேரும் விதிமீறிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் என்றாகிறது.

நிறத்துக்கும் அளவுகோல் உண்டு. பல் மருத்துவர் மேசையில் பல் வடிவத் துண்டுகள் செருகிய பட்டை ஒன்று இருக்கும்: ஏ1 தொடங்கி டி4 வரை 16 நிறம். அதில் சுண்ணாம்பு வெள்ளை கிடையாது. பல்லின் மேல்பூச்சு ஒளி ஊடுருவுவது. அதன் வழியே உள்ளே இருக்கும் மஞ்சள் தெரியத்தான் செய்யும். பளிங்கு வெள்ளை இயற்கையில் இல்லை, விளம்பரத்தில் இருக்கிறது.

4. பொதுமக்கள் பிரிவு

1999இல் அமெரிக்காவில் கோகிச், கியாக், ஷப்பீரோ மூவரும் ஒரு காரியம் செய்தார்கள். சிரிக்கும் படங்களில் பல்லைக் கணினியில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, பல் சீரமைப்பு நிபுணர்கள், பொதுப் பல் மருத்துவர்கள், சாதாரண மக்கள் ஆகிய மூன்று தரப்பிடமும் காட்டினார்கள். முன்பற்களின் நடுக்கோட்டை நான்கு மில்லிமீட்டர், அதாவது ஓர் உளுந்தளவு நகர்த்தியதை நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். பொதுப் பல் மருத்துவர்களுக்கும் மக்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் பல் சாய்ந்திருந்தால் மக்கள் கண் உடனே பிடித்துவிட்டது. இன்னொரு சேதி: 2006இல் வந்த இதே போன்ற ஆய்வில், முன்பல் நடுவே இருந்த சிறு இடைவெளியை எந்தத் தரப்பும் அழகற்றது என்று தள்ளவில்லை. அதை அதிர்ஷ்டப் பல் என்று சொல்லிவந்த நம் பாட்டிகள் ஆய்வுக் கட்டுரை எழுதாமல் விட்டது உலகுக்கு இழப்பு.

5. களஆய்வு

களம்: கல்யாண ஆல்பம் விரிக்கப்படும் எந்த வீடும். ஒவ்வொருவரும் முதலில் தேடுவது தம் முகத்தை. அடுத்து தம் பல்லை. “ஐயோ, என் தெத்துப்பல் தெரியுதே, இதை குரூப்ல போட்டுடாதீங்க” என்பார் அத்தை. “எங்க, அத்தை?” என்று கேட்பாள் மருமகள். அத்தை நகத்தால் தொட்டுக் காட்டுவார். அதுவரை அந்தப் பல்லைப் பார்த்தே இராத மருமகள், அன்று முதல் அத்தையிடம் வேறெதையும் பார்க்கமாட்டாள். இதிலிருந்து கிடைக்கும் விதி: ஒரு பல்லின் குறை, அதன் உரிமையாளர் அறிவிக்கும் நாளில்தான் பிறக்கிறது.

எதிர்ச்சான்றும் தேடப்பட்டது. புன்னகை அரசி என்று பெயர் பெற்ற நடிகை கே.ஆர். விஜயாவின் படத்துக்கு யாரும் ஸ்கேலோடு போனதாகத் தகவல் கிடைக்கவில்லை. சிரிப்பு வந்ததும் முகம் மலர்ந்தது, கண்ணும் கூடச் சிரித்தது. கொட்டகைக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

6. முடிவும் பரிந்துரையும்

பல்லை அளப்பவர்கள் இரண்டே பேர்: நிபுணரும் பல்லுக்குச் சொந்தக்காரரும். மற்றவர்கள் சிரிப்பைப் பார்க்கிறார்கள். ஆகவே, சொத்தையோ ஈறில் ரத்தமோ இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். கடிக்கச் சிரமம் தரும் கோணலுக்குக் கிளிப்பும் போடுங்கள். நடுக்கோடு உளுந்தளவு நகர்ந்திருந்தால் தாராளமாகச் சிரியுங்கள். எதிரில் நிற்பவர் பல் சீரமைப்பு நிபுணராக இருந்தால் மட்டும் இரண்டடி தள்ளி நின்று சிரிக்கவும்.