நீச்சல் தெரியாதா? தாராளமாகக் குதிக்கலாம்!

அந்தமானில், ஹேவ்லாக் என்றே இன்னும் பலரும் சொல்லும் ஸ்வராஜ் தீவில், கிணற்றைக்கூட எட்டி நின்று பார்க்கும் ஆசாமிகளைக் கடலுக்கடியில் இறக்கிக் காட்டுகிறார்கள். ‘நீச்சல் தெரிய வேண்டியதில்லை’ என்ற விளம்பரம் பொய்யில்லை. பயிற்றுநர் முதுகு சிலிண்டரைப் பிடித்து ஓட்டிக்கொண்டு போவார். நம்மவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும். வாட்ஸப்பில் படம் போட்டுவிட்டு, ‘நானும் ஸ்கூபா டைவர்’ என்று அவர் அறிவிக்கும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது.

உண்மையான டைவர் ஆக, பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் ஓப்பன் வாட்டர் பயிற்சியில் 200 மீட்டர் நீந்த வேண்டும். நேரக் கெடு கிடையாது. அதோடு 10 நிமிடம் மிதக்க வேண்டும். அவ்வளவுதான். நீச்சல் சாம்பியனுக்குச் சலுகை எதுவும் இல்லை. ஆழத்தில் கை வீசி நீந்தினால் காற்றுதான் சீக்கிரம் தீரும். அவர் பெருமையோடு பழகிய மூச்சடக்கலோ, மேலேறும்போது நுரையீரலையே கிழித்துவிடலாம்.

அப்படியானால் இந்த நீச்சல், மிதப்புச் சோதனை வெறும் சடங்குதானே, டைவர் அணியும் காற்றடைத்த ஜாக்கெட்டே மிதக்க வைக்குமே என்பார்கள். வைக்கும், ஆளை; அவரது பதற்றத்தை அது ஒன்றும் செய்யாது. படகு தள்ளிப்போய் அலை முகத்தில் அறையும்போது, அந்த ஜாக்கெட்டின் பொத்தானைத் தேடவே நிதானம் வேண்டும். தண்ணீரில் சும்மா கிடந்து பழகியவருக்குத்தான் அது வரும். சும்மா கிடப்பதற்கும் ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். அதிலும் தோற்கிறவர்கள் உண்டு.