பின்கண்ணாடி விசுவாசம்

காலை நாலே முக்காலுக்குச் சூரிய உதயப் படத்தோடு ஜெபக் குழுவில் ‘பயப்படாதே’ என்று அனுப்பிய அதே பிரதர், ஏழு மணிக்கு எனக்கு மட்டும் தனியாக ஒன்று அனுப்பினார்: “பிரதர், காவிரி மேட்டர் மறுபடி சூடாகுதாம். எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கார்ல போனீங்கன்னா பின்னாடி இருக்கிற வசனத்தை எடுத்துடுங்க. தமிழ்ல இருக்கு.”

அது என்ன வசனம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரே சொல். சிவப்பு ரேடியம். ஒட்டச் சொன்னவரும் அவர்தான்.

பயத்தை விரட்டும் அன்றாடப் பழக்கங்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நமக்கென்ன பஞ்சமா? டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். நம்முடையது சுமாராக இருந்தால் பக்கத்துக்காரர் கையை எட்டிப் பார்க்கிறோம். வேதத்தில் ‘பயப்படாதே’ 365 முறை இருக்கிறது, நாளுக்கு ஒன்று என்று ஆண்டுதோறும் யாராவது பிரசங்கிக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் அவ்வளவு தேறாது. எண்ணினால் விசுவாசக் குறைவு என்பதால் யாரும் எண்ணுவதில்லை. அந்தப் பழக்கங்கள் இருக்கட்டும். முதலில் இந்த ஸ்டிக்கர்.

எடுப்பதென்றால் எங்கே வைத்து எடுப்பது? ஓசூரிலேயே உரித்தால் சபையார் பார்ப்பார்கள். கர்நாடகத்து அத்திப்பள்ளி தாண்டி உரித்தால் மற்றவர்கள் பார்ப்பார்கள். மிச்சம் இருப்பது எல்லையோரத்து ஜூஜூவாடி. லாரிகளுக்கு நடுவே ஓரங்கட்டி நகத்தால் சுரண்டினால் பின்பாதி சுலபமாக வந்துவிடும். ‘பய’ மட்டும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வராது. அதோடு பெங்களூருக்குள் போவது இன்னும் மோசம். சரி, கன்னடத்திலேயே ஒட்டிவிடலாம் என்றால் சாயங்காலம் திரும்பும்போது இந்தப் பக்கம் எவனாவது முறைப்பான். காந்தத்தில் செய்து எல்லையில் புரட்டிப் போட்டுக்கொள்ளலாம், முன்பக்கம் தமிழ், பின்பக்கம் கன்னடம். மச்சான் ஒருபடி மேலே போய், “மாமா, இங்கிலீஷ்ல போட்டுடுங்க, ரெண்டு பக்கமும் படிக்க மாட்டாங்க” என்றான். இத்தனையும் யோசித்து முடித்தபிறகுதான் கவனித்தேன்: வசனத்துக்கு ஒரு முழம் கீழே, அரசாங்கமே ஒட்டச் சொன்ன டி.என். 70 பளபளக்கிறது. அதற்கு எந்த பிரதரும் ஆலோசனை சொல்லவில்லை.

பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்லமாட்டேன். 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் வரிசையாக நின்று எரிந்ததை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்கவில்லை. 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தைச் சொல்லும் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். 2016இல் பேருந்துகள் எல்லையோடு நின்றுபோக, அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே மூட்டையும் குழந்தையுமாக ஜனங்கள் நடந்தார்கள். அவர்கள் எந்த அட்டையையும் எடுத்துப் பார்த்துவிட்டு நடந்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது, போனார்கள்.

வேதத்தில் எனக்கு நெருக்கமானவர் பேதுருதான். பிரதான ஆசாரியன் முற்றத்தில் அவரைக் காட்டிக்கொடுத்தது அவருடைய கலிலேயா பேச்சு. அத்திப்பள்ளி டீக்கடையில் நான் “ஒந்து டீ கொடி” என்று கேட்கும் அழகுக்கு, மூன்று தடவை மறுதலிக்கும்வரை சேவல் பொறுமையாகக் காத்திருக்காது.

நம் பிரதருக்குப் பிடித்தவர் கிதியோன். பராக்கிரமசாலி என்று தூதன் கூப்பிட்டபோது மனுஷன் எதிரிக்குப் பயந்து ஆலைக்குள் ஒளிந்து கோதுமை அடித்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் பிரசங்கத்தில் வேகமாகத் தாண்டிவிடுவார். பிறகு அந்தக் கிதியோனிடம் 32,000 பேர் சேர்ந்தார்கள். பயமிருக்கிறவன் வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்ததும் 22,000 பேர் கிளம்பிவிட்டார்கள். யாரும் அவர்களைத் திட்டியதாக எழுதியில்லை. நம் குழுவில் அப்படி ஓர் அறிவிப்பைப் போட்டுப் பார்க்கவேண்டும். அட்மின் ஒருவர்தான் மிஞ்சுவார். அதுவும் குழுவிலிருந்து எப்படி வெளியேறுவது என்று அவருக்குத் தெரியாததால்.